சுகத்துக்கு வாசித்த பெயர்

டென்மார்க்கில், வைலே நகரத்தில், மருத்துவமனைத் துணிகள் தோய்க்கிற இடத்தில் எனக்கு வேலை. பக்கத்தில் நின்று ஈரத் துணி பிரிப்பவன் தெற்கு ஆபிரிக்காப் பக்கத்துச் சின்ன நாட்டுக்காரன். என்னைப் போல அவனும் கத்தோலிக்கன். டேனிஷில்தான் கதைப்போம். இரண்டு பேருக்கும் அது அரைகுறை. போதும்.

அவனுடைய தமையனை ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். அப்போது நாட்டை ஆண்டது ஒரு ராணுவத் தளபதி. தமையன் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. பிறகு வேறு ஆமிக்காரர் அந்தத் தளபதியை இறக்கிவிட்டார்கள். சில வருஷத்தில் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு அரசியலுக்கு வந்தார். இவனுடைய தாய்வீட்டார் காலங்காலமாக இருந்த கட்சிக்கே தலைவரானார். எதிர்க்கட்சி.

அப்படியும் அவன் தாய் அந்தக் கட்சியை விடவில்லை. வோட்டுக் கேட்டு அவர் ஒருநாள் வாசலுக்கு வருவார், அப்போது கேட்கலாம் என்று இருந்தாள். வந்தார். பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்துவிட்டு, மகன் எங்கே என்று கேட்டாள்.

"என்னவாம் சொன்னவர்?" என்றேன்.

"இந்த அரசாங்கம் ஒண்டும் விசாரிக்குதில்லை அம்மா, நாங்கள் வந்தால் விசாரிப்பம் எண்டவராம்."

"அவற்ற காலத்திலதானே நடந்தது?"

"ஓம். அதை மறந்திட்டார். கை மட்டும் நல்லாக் குலுக்கினவராம்."

சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்தக் கட்சி வெல்லவே இல்லை. தாய் ஒவ்வொரு முறையும் அதற்கே போட்டாள். இவன் போனில் சத்தம் போடுவான். "நீ விசாரிப்பியோ? அவராவது விசாரிப்பன் எண்டவர்" என்பாளாம்.

போன மாரியில் அந்த மனிதர் செத்துப்போனார். வயதுபோய், கட்டிலில். இடைவேளையில் போனை நீட்டிக் காட்டினான். கொடி போர்த்த பெட்டி. ஆமிக்காரர் சலூட் அடித்தபடி நின்றார்கள்.

"இனிக் கேக்க ஆளில்லை எண்டுறா அம்மா. அண்ணனுக்குப் பூசை குடுக்கட்டாம். செத்த ஆக்களுக்குக் குடுக்கிற பூசை. உங்கட தமிழ்ப் பூசையில குடு. அங்கதான் சனம் கூட."

தமிழ்ப் பூசை வைக்கிற சுவாமியாரிடம் போய்ப் பெயரைச் சொன்னேன்.

"சுகத்துக்கோ, ஆன்ம இளைப்பாற்றிக்கோ?"

"சுகத்துக்கு" என்றேன். சுகத்துக்கு என்றால் உயிரோடு இருப்பவர்களுக்கு, மற்றது செத்தவர்களுக்கு.

என் தம்பியும் அப்படி ஆமி கொண்டுபோய்த் திரும்பாதவன்தான், இலங்கையில், வன்னியில். வருஷாவருஷம் அவனுக்குச் சுகத்துக்குத்தான் பூசை கொடுக்கிறோம். மற்றதைக் கொடுத்தால் நாங்களே புதைத்த மாதிரி. வாய் அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

பூசைக்கு அவன் கறுப்புக் கோட்டுடன் வந்தான். தாய்க்குக் கேட்கட்டும் என்று போனை உயர்த்திப் பிடித்தான். சுவாமியார் பெயர்களை வாசித்தார். நோயாளிகள், சோதனை எழுதும் பிள்ளைகள், அவர்களோடு அவன் தமையனின் பெயரும் வந்தது. போனுக்குள் தாய் அழுதது எனக்கும் கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வெளியே வந்ததும் சொன்னேன்.

"உயிரோட இருக்கிற ஆக்களோட வாசிச்சுப்போட்டார். நான்தான் பிழையாச் சொன்னனான்."

அவன் போனைக் கோட்டுக்குள் வைத்தான். மழை தூறியது.

"அம்மா அண்ணனை விடுறதுக்கு எவ்வளவு காலம் எடுத்தது தெரியுமோ?" என்றான். "திருப்பி வாசிக்கச் சொல்லு."

உள்ளே போனேன். சுவாமியார் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"அவன்ர தமையன் செத்திட்டார் சுவாமி" என்றேன். அந்தச் சொல் வர நேரம் எடுத்தது.

அடுத்த பூசையில் இறந்தவர்களோடு வாசித்தார். அவன் திரும்பவும் உயர்த்திப் பிடித்த போனுக்குள் இந்த முறை ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவன் மதில் ஓரம் நின்று தாயோடு கதைத்துவிட்டு வந்தான்.

"என்ன சொல்லுறா?"

"தேர்தல் வருதாம். கட்சிக்காரர் வந்து கூப்பிட்டவையாம். இனி வோட்டுப் போடப் போகமாட்டாவாம்."