சிக்கெடுக்கும் அரைமணி நேரம்

என் மகளுக்கு அவள் அப்பா வீட்டு முடி. சுருட்டை, அடர்த்தி, இடுப்பைத் தொடும் நீளம், போதாததற்குப் பிடிவாதம். அவள் பள்ளிக்கூடம் போன நாட்களில் தினமும் காலை ஏழு மணிக்கு நான் நாற்காலியில் உட்காருவேன், அவள் எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்காருவாள். சிக்கெடுக்க முழுசாக அரைமணி நேரம் ஆகும். ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடிக்கும்வரை அவள் கத்துவாள், நான் திட்டுவேன்.

"மெதுவா இழும்மா, உசுரு போவுது."

"ஆடாம உக்காருடி. ஆடுனா இன்னும்தான் வலிக்கும்."

அந்தக் கத்தலுக்கும் திட்டலுக்கும் நடுவில்தான் அவள் எல்லாவற்றையும் சொல்வாள். எந்த டீச்சர் வகுப்பில் கண் கலங்கினார், எந்தத் தோழி பேச்சை நிறுத்திவிட்டாள், கணக்கில் தேறுவோமா என்று எவ்வளவு பயமாக இருக்கிறது, எல்லாம். என் முகத்தைப் பார்க்க வேண்டியிராதது அவளுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும். நானும் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு "உம்" கொட்டுவேன். அவளைக் கட்டிக்கொள்ளவோ கொஞ்சவோ எனக்கு வராது. சீப்பைப் பிடிக்கத்தான் வரும்.

கண்டிஷனர் போட்டால் சிக்கு குறையும் என்பது எனக்குத் தெரியாததல்ல. செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் ஒரு சின்ன ஷாம்பு கம்பெனியின் சோதனைக்கூடத்தில்தான் எனக்கு வேலை. ஆனால் அதைப் போட்ட மறுநாளே அவள் நெற்றி முழுக்கப் பொரிப்பொரியாக வந்துவிடும். கண்டிஷனர் முடிமேல் சிலிக்கோனால் வழவழப்பாக ஒரு பூச்சு பூசுகிறது, அவ்வளவுதான். அந்தப் பூச்சு நெற்றிக்கும் இறங்கிவிடுகிறது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இப்பல்லாம் ஜனங்க லேபிள படிச்சிப் பாத்து வாங்கறாங்க மேடம். சிலிக்கோன் இல்லாம ஒண்ணு பண்ண முடியுமா பாருங்க" என்றார். என்சைம் போட்டுப் பார்க்கலாம் என்றேன். பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கிற ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற இன்னொன்று. முடியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற அழுக்கையும் பிசிரையும் இவை கரைத்துவிட்டால் ஒரு முடி இன்னொரு முடியில் மாட்டாது, பூச்சே தேவைப்படாது என்பது என் கணக்கு. முதலாளிக்காகச் செய்வதுபோலத்தான் செய்தேன். மனதில் இருந்தது ஒரே ஒரு தலை.

முதல் நான்கு தடவையும் வீணாய்ப் போயின. நுரை வந்தது, வாசனை வந்தது, சிக்கு மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றும்போதுதான் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். கொதிக்கிற பாலில் யாராவது உறை ஊற்றுவார்களா? நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஷாம்பு சூடாகக் கலங்கிக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு என்சைமைப் போட்டிருக்கிறேன், அது போட்ட இடத்திலேயே செத்திருக்கிறது. பதினைந்து வருட அனுபவம் உள்ளவள் செய்கிற காரியமா இது? ஐந்தாவது தடவை நன்றாக ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்த பிறகு போட்டேன்.

அந்தப் பாட்டிலால் அவள் தலைக்குக் குளித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது பதினொன்றாம் வகுப்பு. முடி காய்ந்ததும் சீப்பை வைத்தேன். உச்சியிலிருந்து நுனிவரை எங்கும் நிற்காமல் ஓடியது.

"ம்மா, வலிக்கவே இல்லம்மா!" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கம்பெனியில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னேன். நெற்றியிலும் பொரி வரவில்லை.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். "நானே வாரிக்கினேம்மா" என்று பாத்ரூம் கண்ணாடி முன்னாலிருந்து குரல் வந்தது. இரண்டே நிமிடத்தில் பின்னலோடு வந்து நின்றாள். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான், தோசையாவது கருகாமல் சுடலாம் என்று நினைத்தேன். போகப்போகத்தான் உறைத்தது. "ஸ்கூல்ல இன்னா நடந்துச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். பொய் சொல்கிறாள் என்றும் சொல்ல முடியாது. நேருக்கு நேர் நின்று கேட்டால் யாருக்குமே ஒன்றும் நடந்திருக்காது. அந்த அரைமணி நேரத்தை என் கையாலேயே ஒழித்துக்கட்டிவிட்டேன்.

பிறகு சென்னையில் கல்லூரி, ஹாஸ்டல். செஞ்சியிலிருந்து நாலு மணி நேர பஸ். முதல் வருடம் மாதம் ஒருமுறை வந்தாள், இரண்டாம் வருடம் பண்டிகைக்கு மட்டும். அவள் வராவிட்டாலும் பாட்டில் போனது. தீர்ந்துவிட்டது என்று போன் வரும், புதிதாகக் கலந்து, தெரிந்தவர்கள் யாராவது சென்னைக்குப் போனால் வழியில் சூடுபட்டு என்சைம் சாகாமல் இருக்க ஐஸ் வைத்துக் கட்டிக் கொடுத்தனுப்புவேன். அந்த போனுக்காகவே பாட்டில் சீக்கிரம் தீராதா என்று இருக்கும்.

போன ஏப்ரலில் அப்படி ஒரு போன் வந்தது. பாட்டிலைத் தயார் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் வடாம் காயப்போட மாடிக்கு ஏறும்போது அதையும் கையில் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் ஏப்ரல் வெயில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ராஜகிரிக் கோட்டைப் பாறை தன் பங்குக்கும் அனல் கக்கும். வடாத்தட்டுக்குப் பக்கத்தில் பாட்டிலை வைத்தேன். என்ன செய்கிறேன் என்று நன்றாகத் தெரிந்துதான் வைத்தேன். இரண்டு நாள் உச்சி வெயில் அதன்மேல் அடித்தது.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அத இன்னாத்துக்கு வெயில்ல வச்சிக்கினு இருக்க?" என்றார். "மூடி ஈரமா இருந்துது" என்றேன். அதே பாட்டிலை ஐஸ் வைத்துக் கட்டி அனுப்பினேன்.

நுரை வரும், வாசனை வரும், சிக்கு மட்டும் போகாது. சிக்கு விழுந்தால் முடியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வர வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு மட்டமாகத்தான் என் புத்தி போனது. இரண்டு வாரம் வாசல் கேட் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் வீடியோவில் வந்தாள். முடி தோள்வரைதான் இருந்தது. பளபளவென்று மின்னியது.

"ரொம்ப சிக்காயிடுச்சும்மா, பிரிக்கவே முடியல. பார்லர்ல வெட்டிட்டேன். ரூம்ல இருக்கற அக்கா ஒரு கண்டிஷனர் குடுத்தாங்க, எனக்கு நெத்தியில ஒண்ணும் ஆவல. இனிமே நீ கஷ்டப்பட்டு அனுப்பாதம்மா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் கஷ்டப்படக் கூடாது என்கிறாளே! என் வாயை நானே அடக்க முடியவில்லை.

"நான்தான் அத வெயில்ல வச்சேன்."

"எத?"

"பாட்டில. வேணும்னேதான் வச்சேன். சிக்கு விழுந்தா வருவியேன்னு."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"வான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் அந்த ஒரு வார்த்தையை நான் அவளிடம் சொன்னதே இல்லையா என்று யோசித்துப் பார்த்தேன். சாப்பிட வா, படிக்க வா, தலை வார வா என்று சொல்லியிருக்கிறேன். வெறுமனே வா என்று சொன்னதாக நினைவில்லை.

"சரி, வா" என்றேன். "எப்ப வர?"

"பாக்கறேம்மா" என்றாள்.