கை தூக்கச் சொன்னவர்

கோச் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது சப்பாத்துகளைக் கழற்றி, சுவரோடு ஒட்டி, நேராக அடுக்கி வைத்தார். வோபர்னில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டின் வாசல் ஒடுக்கமானது. வருகிறவர்கள் கழற்றிப் போடும் சப்பாத்துகளைத் தாண்டித்தான் குசினிக்குப் போக வேண்டும். அவர் குனிந்து தன்னுடையதை ஒதுக்கியதோடு அங்கே கிடந்த என் தம்பியின் சப்பாத்தையும் எடுத்து ஓரமாக வைத்தார். அவர் போன பிறகு அப்பா அந்தச் சப்பாத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார். “பாத்தனியோ, பெரிய யூனிவேர்சிற்றி கோச். எங்கடை வீட்டு ஆள் மாதிரி வந்து இருந்திட்டுப் போறார்.”

ரொறன்ரோவில் உள்ள ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் கரப்பந்து அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தமிழர் இருப்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய பெருமை. அப்பாவுக்கு அவரைக் கோடைகாலத்துப் பார்க்கில் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் வலை கட்டி ஓவர்கேம் ஆடுவார்கள். கரப்பந்துதான், ஆனால் விதிகள் எங்களுடையவை, சத்தமும் எங்களுடையது. நடுவர் கிடையாது என்பதால் பாதி நேரம் சண்டையில் போகும். அந்தச் சண்டைகளுக்குள் ஒருவர் மட்டும், பந்து தன் விரலில் உரசிவிட்டு வெளியே போனால், யாரும் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கி “என்னிலை பட்டது” என்று சொல்வார். அவர்தான் கோச். அப்பா அவரை மதித்தது அதற்காக. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை செய்துவிட்டு வரும் மனிதருக்கு, தானாகக் கை தூக்கும் ஒருவரைப் பார்ப்பது ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று மே மாதத்து ஞாயிறு. நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தேன். இரண்டு பல்கலைக்கழகங்கள் என்னைத் தங்கள் அணிக்குக் கேட்டிருந்தன. ஒன்று கோச்சினுடையது. மற்றது இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் இருந்தது. அதன் பயிற்சியாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் போனில் அழைத்து, என் ஆட்டத்தில் எது சரி எது பிழை என்று பொறுமையாகச் சொல்லி, யோசித்து முடிவெடுக்கும்படி விட்டுவிட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், அங்கே போகத்தான் எனக்கு விருப்பம்.

ஆனால் கோச் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஆட்களிடையே ஒரு கலியாணத்துக்குக்கூட வீடு தேடி வந்து சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. போனில் சொன்னவரின் கலியாணத்துக்குப் போகாமல் விட்டு, வருடக்கணக்காக முகம் கொடுக்காமல் திரிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அம்மா இடியப்பமும் கணவாய்க் கறியும் சொதியும் வைத்திருந்தார். கோச் இரண்டாம் முறை சொதி கேட்டு வாங்கினார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார்: “அண்ணை, பிள்ளையை என்னட்டை விடுங்கோ. நாலு வருஷமும் அவ என்ரை பொறுப்பு.”

அப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டார். “தம்பி, வெளியூர் மட்ச்சுக்குப் போனா இரவிலை தங்க வேண்டி வருமோ?”

“வரும் அண்ணை. ஆனா நான் நிப்பன்.”

விஷயம் அத்தோடு முடிந்தது. அவர் போனதும் நான் மற்றப் பல்கலைக்கழகத்தின் பேச்சை எடுத்தேன். “வீடு தேடி வந்து கேட்ட மனிசனை விட்டிட்டு, போனிலை கேட்ட மனிசியிட்டைப் போறதோ?” என்றார் அப்பா. இன்னொரு தகப்பனாக இருந்தால் எழுத்தில் ஏதாவது கேட்டிருப்பார், நாலு பேரிடம் விசாரித்திருப்பார். என் அப்பாவுக்கு, எங்கள் மேசையில் சாப்பிட்டுவிட்டுச் சொன்ன வார்த்தைக்கு மேல் என்ன உறுதி வேண்டும்? நானும் பெரிதாக எதிர்க்கவில்லை. எனக்கும் அவரில் நம்பிக்கை இருந்தது.

வீட்டில் அவர் எனக்கு அங்கிள். ஜிம்முக்குள் கால் வைத்தால் கோச். நான் லிபரோவாக ஆடினேன். பின்வரிசையில் நின்று, எதிரணி அடிக்கும் பந்து நிலத்தில் விழாமல் எடுப்பதுதான் லிபரோவின் வேலை. வலைக்கு மேலால் அடிக்க அவளுக்கு அனுமதியில்லை. மற்றவர்கள் எல்லோரும் ஒரு நிறத்தில் நிற்க அவளுக்கு மட்டும் வேறு நிறச் சட்டை. என் உயரத்துக்கு அதைவிட்டால் வேறு இடமில்லை. முழங்கைகள் எப்போதும் தோலுரிந்திருக்கும். அம்மா மஞ்சள் பூச வருவார், நான் ஓடுவேன்.

ஜிம்மின் நீளச் சுவரில், ஆள் உயரத்துக்கு, விளையாட்டுத் துறையின் விழுமியங்களை எழுதியிருந்தார்கள். நேர்மை, மரியாதை, பொறுப்பு, ஒருவருக்காக ஒருவர். பல்கலைக்கழகங்கள் சுவரில் எழுதும் சொற்களை யார் வாசிக்கிறார்கள்? நாங்கள் அதன் கீழே தண்ணீர்ப் போத்தல்களை வைப்போம். ஆனால் கோச் அவற்றை உடம்பால் செய்யவைத்தார். பந்து உன்னில் பட்டு நடுவர் காணாவிட்டால் நீயே கை தூக்க வேண்டும். பயிற்சியில் தூக்காமல் பிடிபட்டால் ஜிம்மைச் சுற்றி எல்லோரும் ஓட வேண்டும், பிடிபட்டவளைத் தவிர. அவள் நடுவில் நின்று மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டும். அது பொல்லாத தண்டனை.

என் முதல் பருவத்தின் முக்கியமான ஆட்டமொன்றில், கடைசிச் செற்றில், எதிரணி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. நடுவர் புள்ளியை எங்களுக்குத் தந்தார். அது என் சுண்டுவிரலில் உரசியது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கை தூக்கினேன். புள்ளி போனது, பிறகு ஆட்டமும் போனது. எங்கள் கப்டன் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. கோச் எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டு, “இதுதான் எங்கடை டீம்,” என்று தமிழில் சொன்னார். மற்றவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு மட்டும் சொன்னதாக அதை வைத்துக்கொண்டேன். பார்வையாளர் வரிசையிலிருந்த அப்பா எழுந்து நின்று கை தட்டினார், தோற்ற அணிக்கு.

பருவம் முடிந்த சில வாரங்களில் எங்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஆட்டங்களின் வீடியோவைப் போட்டுப் பார்க்கும் அறை அது. விளையாட்டுத் துறையின் பணிப்பாளர் வந்திருந்தார். குரல் மென்மையானவர். பெண்கள் கரப்பந்து அணியையும் இன்னும் இரண்டு சிறிய அணிகளையும் நிறுத்துவதாக ஆங்கிலத்தில் சொன்னார். ஒருத்தி அழத் தொடங்கினாள். எங்கள் கப்டன், இப்படித் திடீரென்று எப்படி முடிவெடுக்கலாம் என்று கேட்டாள். பணிப்பாளர் அவளைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில் சொன்னார்: “இது திடீர் முடிவில்லை. போன வருடம் பனி கரையும்போதே உங்கள் பயிற்சியாளருக்குச் சொல்லிவிட்டோம்.”

போன வருடம் பனி கரையும்போது. அவர் எங்கள் வீட்டில் சொதி கேட்டு வாங்கியது அதற்குப் பிறகு, மே மாதத்தில். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அவர் தன் மடியில் கிடந்த விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த அறையில் அவர் கை தூக்கவில்லை.

அன்று பின்னேரமே அவருடைய அறைக்குப் போனேன். கோச் என்று கூப்பிடுவதா அங்கிள் என்று கூப்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வாயில் வரவில்லை.

“எங்கடை வீட்டை வரேக்கை உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“அப்ப ஏன் வந்தனீங்கள்?”

“நல்ல லிபரோ இல்லாமல் ஒண்டும் செய்யேலாது, பிள்ளை. ஒரு சீசன் திறமா ஆடிக் காட்டினா அவை மனம் மாறுவினம் எண்டு நினைச்சன். வெளியிலை சொல்லக்கூடாது எண்டும் சொல்லிப்போட்டினம்.” பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எனக்கு ஆம்பிளையளின்ரை டீமிலை இடம் தந்திருக்கினம். வாற மாசம் தொடக்கம்.”

அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், முன்னால் சொன்னதையாவது நம்பியிருப்பேன். அவருடைய சூதாட்டத்தில் அவர் வைத்த காசு நான். வென்றால் அணி தப்பும், தோற்றாலும் அவர் தப்புவார். தோற்றால் என் கதி என்ன என்று அந்த மனிதர் ஒரு நிமிடமாவது யோசித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் மற்றப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தேன். அந்தப் பெண் மனம் வருந்தினார். அவர் வேறொரு லிபரோவை எடுத்துவிட்டார், மாறிப் போகிறவர்கள் ஒரு வருடம் ஆடாமல் இருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. நான் இருந்த பல்கலைக்கழகத்திலேயே இருந்து படிப்பை முடித்தேன். செலவுக்காக அதே ஜிம்மின் வாசல் மேசையில், வருகிறவர்களின் கார்ட்டைப் பார்த்து உள்ளே விடும் வேலை செய்தேன். அவர் ஆண்கள் அணியோடு கடந்து போவார். “என்ன பிள்ளை, படிப்பு எப்பிடி?” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஓம், நல்லாப் போகுது,” என்பேன். சுவரில் நான்கு சொற்களும் புதுப் பூச்சோடு பளிச்சென்று இருந்தன.

அப்பா பார்க்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்று சொன்னார். ஒரு கலியாண வீட்டில் கோச் எதிரே வந்து கை நீட்டினார். அப்பா கை கொடுத்தார். காரில் வரும்போது நான் அப்பாவோடு சண்டை பிடித்தேன். “நீட்டின கையை என்ன செய்யிறது?” என்று கேட்டார். பிறகு, சிக்னலில் நிற்கும்போது, “நான்தான் உனக்குப் பிழையான ஆளைத் தெரிஞ்சு தந்திட்டன்,” என்றார். என் விளையாட்டுப் போனதை நான் ஒருவாறு தாங்கிக்கொண்டேன். அப்பாவை அந்த வசனம் சொல்ல வைத்ததற்காகக் கோச்சை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது நான் ஸ்காபரோவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெண்கள் அணியைப் பழக்குகிறேன். கடந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் கோச் போன் எடுத்தார். என் நம்பரை யாரிடம் வாங்கினாரோ தெரியாது. குரலில் வயது தெரிந்தது. “ஒருக்கா வந்து சந்திக்கவேணும். போனிலை கதைக்கிற விஷயமில்லை. நேரிலை வாறன்,” என்றார். நான் வரச் சொன்னேன்.

அந்த வாரம் முழுவதும் நான் நானாக இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வேன், எந்த அளவுக்குக் கடுமையாகச் சொல்வேன், எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பேன் என்று காரோட்டும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை, நடந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். என் சிறிய அறையில் கிடந்த பந்துக் கூடைகளை வெளியே தள்ளி இடம் பண்ணினேன். கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கினேன். பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டு போனேன்.

பயிற்சி முடிந்த நேரத்தில் வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பின்னால் என் அணியின் மிகச் சிறந்த பிள்ளையும் அவளுடைய தாயும் வந்தார்கள். “நான்தான் இவையளையும் நிக்கச் சொன்னனான்,” என்றார் கோச். பல்கலைக்கழகம் பெண்கள் அணியை மறுபடியும் தொடங்குகிறதாம். அவர்தான் பொறுப்பாம். கதிரையில் இருந்ததும் அந்தத் தாயிடம் விழுமியங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நேர்மை, மரியாதை, பொறுப்பு. சரளமாக வந்தது. பிள்ளை வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “நாலு வருஷமும் என்ரை பொறுப்பு, அக்கா. வேணுமெண்டா ரீச்சரையே கேளுங்கோ. என்ரை பழைய பிளேயர்.”

என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அவருக்கு நான் ஒரு வெற்றிக் கதை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார்.

நான் சொன்னேன். மே மாதம், எங்கள் வீடு, அப்பா, வீடியோ அறை, ஆண்கள் அணி. கத்தவில்லை, அழவும் இல்லை. ஒத்திகை பார்த்த எதுவும் அதில் வரவில்லை. பிள்ளை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோச் மறுக்கவில்லை. “அது அப்ப,” என்றார். “எனக்கும் குடும்பம் இருந்தது.” ரோல்ஸ் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, காரில் ஏதோ விட்டுவிட்டதாகச் சொல்லி வெளியே போனார்.

அந்தத் தாய் மிசிசாகாவில் விமான நிலையத்து வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், சீருடைகூட மாற்றவில்லை. மேசையிலிருந்த பிளாஸ்கையும் கோப்பைகளையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தது, என்மேல்.

“உவ்வளவும் தெரிஞ்சுகொண்டு ஏன் ரீச்சர் உவரை இஞ்சை வரச் சொன்னனீங்கள்?”

“என்னைப் பாக்கத்தான் வாறார் எண்டு நினைச்சன், அக்கா,” என்றேன்.