டயரில் வைத்த சந்தனப் பொட்டு

என் அப்பாவும் என் கணவரும் ஆறு வருடம் பேசிக்கொள்ளவில்லை. நாங்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம், அதுதான் காரணம். பந்தியில் இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். "சாம்பார் வேணுமான்னு கேளு" என்பார் அப்பா. பக்கத்தில் இருக்கிற மனுசனுக்குக் காது கேட்காதா என்ன? ஆனாலும் கேட்பேன். "போதும்னு சொல்லு" என்பார் இவர். அதையும் சொல்வேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா இருந்த ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். ஈப்போ பக்கம் சிலிபினில் எங்களோடு வந்து இருங்கள் என்று கெஞ்சினேன். பிடி கொடுக்கவில்லை. தைப்பிங்கில் சித்தப்பா வீடு இருக்கிறதே என்றார். கடைசியில் இவர், "நானே லோரி எடுத்துக்கிட்டு வாரேன்னு சொல்லு" என்றார். அப்பா ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "சரி, வரச் சொல்லு" என்றார். எனக்குச் சந்தோசமும் பயமும் ஒன்றாக வந்தன. லோரி ஏதாவது சண்டித்தனம் செய்தால் போதும், அப்பா அதையே சாக்காக வைத்து தைப்பிங் பஸ் ஏறிவிடுவார்.

தோட்டத்துச் செம்மண் ரோட்டை மரம் ஏற்றும் லோரிகள் உழுதுபோட்டிருந்தன. எங்கள் சின்ன பிக்கப் லோரி அதில் வயிறு தட்டி நின்றுவிடும். அதனால் இவர் வண்டியை உயர்த்தினார். முன்பக்கத்தைத் தாங்கும் இரண்டு கம்பிகளின் போல்ட்டை இறுக்கினார், பின்னால் வில்பட்டைக்கு இரும்புக் கட்டை கொடுத்தார். வண்டி நிமிர்ந்துவிட்டது, ஏறி உட்கார எனக்கு முக்காலி வேண்டியிருந்தது. ஆனால் முன் சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன, எங்கள் வீட்டு ஆண்கள் மாதிரி.

"ஈப்போவுல கடையில காட்டலாமே" என்றேன்.

"கடைக்காரன் செய்யிறதத்தானே நானும் செய்யப் போறேன் லா."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசல் சிமெண்டுத் தரையில் வேலை ஆரம்பமானது. இரண்டு முன் டயர்களிலும் முன்பக்கம் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. டேப்பின் ஒரு நுனியை நான் பிடிக்க, கோட்டுக்குக் கோடு அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பிறகு வண்டியைச் சக்கரம் அரைச் சுற்று சுற்றும் வரை தள்ள வேண்டும். அதே கோடுகள் பின்பக்கம் வந்துவிடும். அங்கேயும் அளக்க வேண்டும். பின்னளவு முன்னளவைவிட ஒரு நூல் கூட இருந்தால் சக்கரம் நேர்.

தள்ளுவதற்கு முன் ஸ்பேனர் தேடி உள்ளே போனார். எனக்குக் கை சும்மா இருக்காது. விடிந்தால் அப்பாவை அழைத்து வரப் போகிற வண்டி, அதுவும் வெள்ளிக்கிழமை, ஒரு பொட்டுகூட இல்லாமல் நின்றது. சாமிக்குக் குழைத்த சந்தனம் மீதி இருந்தது. அந்தக் கோடுகள் பொட்டு வைக்கவென்றே போட்ட மாதிரி இருந்தன. கோடு மறைய இரண்டு டயரிலும் பெரிதாக வைத்தேன். இடது பக்கம் எட்டி வைத்ததில் ஒரு விரல் உள்ளே தள்ளி விழுந்துவிட்டது. பொட்டுதானே என்று விட்டுவிட்டேன்.

வந்து பார்த்தவர், "அழகா இருக்கு லா" என்று சிரித்தார். கோட்டின் மேலேயே வைத்திருக்கிறேன் என்று நம்பி, வண்டியைத் தள்ளி, பொட்டுக்குப் பொட்டு அளந்தார். பின்னளவு குறைவாக வந்தது; அதற்குத் தக்கபடி கீழே படுத்து, சக்கரங்களை இணைக்கும் டை ராடைத் திருகினார். மறுபடியும் அளந்து பார்க்க எழுந்தபோது மழை கொட்டியது. "பரவால்ல, சரியாத்தான் இருக்கும்" என்று உள்ளே வந்துவிட்டார்.

மறுநாள் தார் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் டயர் கீச்சிட்டது. இவர் எப்போதும் பாடிக்கொண்டே ஓட்டுகிறவர். காம்பார் தாண்டும்போது வாய் மூடிவிட்டது. ஒரு தடவை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அப்பா தகரப் பெட்டியோடு பெரட்டுக் களத்தில் நின்றிருந்தார். காலையில் ஆள் பேர் கூப்பிடுகிற அந்தச் சிமெண்டுத் தளத்தில் இப்போது அவர் ஒருவர்தான். இருபது வருடம் தோட்டத்து ரப்பர் பால் லோரி ஓட்டியவர். எங்களை ஏறிட்டுப் பார்க்காமல் நேராக முன் டயருக்குப் போய்க் கையால் தடவினார்.

"டயர் ஓரமெல்லாம் ரம்பமா இருக்கு. ரெண்டு சக்கரமும் உள்ளாற மூடிக்கிட்டு நிக்குது. அளந்தாரா இல்லியான்னு கேளு."

கேட்டேன். "அளந்தேன். திரும்பச் சரிபாக்கல, என் தப்புதான்னு சொல்லு."

"எதுலேருந்து அளந்தாராம்?"

"சாக்பீஸ் கோட்டுலேருந்துதான்னு சொல்லு."

வழியில் ஏன் சிரித்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பொட்டு கோட்டில் இல்லை என்று தெரிந்தே எனக்காகப் பொய் சொல்கிறார். அதுவும் யாரிடம் நல்ல பேர் வாங்க ஆறு வருடமாகக் காத்திருக்கிறாரோ அவரிடமே. அந்த நிமிடம் அந்த மனுசன் மேல் எனக்கு வந்த பிரியம் கொஞ்சநஞ்சமில்லை. பொய்யைக் கடத்த வாய் வரவில்லை.

"கோட்டுலேருந்து இல்லப்பா. நான் வச்ச பொட்டுலேருந்து" என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தைப்பிங் பஸ் கண் முன்னால் வந்து நின்றது.

அப்பா என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தார். "ஒங்கம்மா ஒரு தடவ என் லோரி கண்ணாடி பூரா சந்தனத்த அப்பிட்டா. ரோடே தெரியல லா!" என்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வெற்றிலைப் பையைத் திறந்து, சுண்ணாம்பை நகத்தில் எடுத்து, இரண்டு டயரிலும் மெல்லிசாகக் கோடு இழுத்தார். வலது சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். பழக்கத்தில் நான் கை நீட்டினேன். டேப் என்னைத் தாண்டிப் போனது.

"மாப்ள, அந்தப் பக்கம் நீங்க புடிங்க."

"இந்தாங்க மாமா, புடிச்சிட்டேன்" என்றார் இவர்.

நடுவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அப்பாவின் பெட்டியைத் தூக்கி லோரியில் ஏற்றப் போனேன்.