பாதாள ரயிலில் இடம் போட்டவன்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது கௌரவம். தில்லியில் பூமிக்கடியில் ஓடும் மெட்ரோ ரயிலில் பையை வீசி இடம் பிடிக்கப் பார்த்தவன் நான். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடித்தே பழகிய கை. ரயிலின் கதவு திறந்ததும், இறங்குகிறவர்களின் தலைக்கு மேலாக, காலி இருக்கையைக் குறிபார்த்து எறிந்தேன். பை கச்சிதமாக உட்கார்ந்தது. நான் ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அக்காவின் கணவரான அத்திம்பேரும் நானும் அடுத்த ரயிலைப் பிடித்து அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, கேட்பாரற்ற பை என்று காவலர்கள் அதைச் சூழ்ந்திருந்தார்கள். இட்லி மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தைப் பிரித்தவர் தும்மிக்கொண்டிருந்தார். அத்திம்பேர் தன் இந்தி முழுவதையும் செலவழித்து என்னை மீட்டார்.

மீட்டவர் அத்தோடு விட்டாரா? பூணூலோ கிரகப்பிரவேசமோ, எந்தப் பந்தியிலும் ரசம் வருவதற்குள் இந்தக் கதை வந்துவிடும். "தில்லி மெட்ரோலயே இடம் போட்ட மகான் இவன்தான்!" தும்மலைக்கூட நடித்துக் காட்டுவார். பத்து வருஷம் நானும் கூடச் சிரித்தேன், உள்ளே கறுவிக்கொண்டிருந்தேன். என் பெண்ணுக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் நிச்சயமானதும் அந்தச் சிரிப்பும் வரவில்லை. புதுச் சம்பந்தியின் முன்னால் இது அவிழ்ந்தால் பெண்ணைப் பெற்றவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அவர் வாயை அடைக்க, அவரைப் பற்றி என் கையில் ஒரு கதை வேண்டும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மலைக்கோட்டைக் கடைத்தெருவில் சாமான் வாங்கி, அக்காவையும் என் மனைவியையும் ஆட்டோவில் அனுப்பினேன். துணிப்பையும் கையுமாக நின்ற அத்திம்பேரைச் சத்திரத்துக்கு நடத்தி வந்தேன். ஸ்ரீரங்கம் என்று பலகை மாட்டிய வண்டி ஒன்று நுழைந்தது. அந்த நேரத்து வண்டி ஆட்களை இறக்கிவிட்டு நேரே டெப்போவுக்குப் போய்விடும். உள்ளூர்க்காரர்களுக்குத்தான் அது தெரியும், வெளியூர்க்காரரான அத்திம்பேருக்குத் தெரியாது.

"கூட்டம் அம்மும், அத்திம்பேர். பையைப் போடுங்கோ."

"நீயே போடேன்டா, அனுபவஸ்தன்."

"எனக்குத் தோள்பட்டை வலி."

போட்டார். வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயே போய்விட்டது. "டேய், பை! பை!" என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் ஓடியதை ஒரு நொடி விடாமல் போனில் படம் பிடித்தேன். அந்த ஓட்டம் இன்றைக்கும் எனக்குத் தித்திக்கிறது. டெப்போவுக்குச் சாவகாசமாகப் போய்க்கொள்ளலாம், அதுவரை தவிக்கட்டும் என்றிருந்தேன்.

வீட்டு வாசலில் அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் தம்பி சொல்லித்தான் போட்டேன்" என்றார் அக்காவிடம். பையில் இருந்தவை, கல்யாணத்துக்கென்று தைக்கக் கொடுத்து அக்கா அன்றைக்குத்தான் தையற்காரரிடம் வாங்கிய மூன்று ரவிக்கைகள்.

காட்ட எடுத்த போனை மெல்ல ஜேபிக்குள் தள்ளினேன். "இதோ டெப்போவுக்கு ஓடறேன்க்கா. சம்பந்திகிட்ட அந்தத் தில்லிக் கதையை மட்டும் சொல்ல வேண்டாம்னு அத்திம்பேர்கிட்ட சொல்லேன்."

"அவர் சொல்ல மாட்டார், சம்பந்திகிட்ட நானே சொல்றேன்."