ஊறுகாய் ஜாடியும் தம்பியின் உண்ணாவிரதமும்

விருத்தாசலத்தில் பீங்கான் உடைந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. வேகும்போது கோணிக்கொண்டது, பிடியில் கீறல் விட்டது என்று கழித்துப் போட்டதையெல்லாம் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். பை நிறையத் தூக்கிக்கொண்டு வருவார். ஆடாமல் நிற்கிற டீ கப் ஒன்றை நான் முதன்முதலில் பார்த்ததே எங்கள் ஹெட்மாஸ்டர் மேஜையில்தான். ஒன்று உடைந்தால் இன்னொன்று வரும், அவ்வளவுதானே? அதனால்தான், எனக்கு எட்டு வயதில், போயும் போயும் ஓர் ஊறுகாய் ஜாடிக்காக அம்மா போட்ட சத்தத்தை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா மாதா கோயில் பூசைக்குக் கிளம்பினார். நான் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டேன். அப்பாவின் வண்டி தெருமுனை திரும்பியதும் வலி நின்றுவிட்டது. அம்மா கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்து, ஐந்து மாதத் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் சமையல் ரூமுக்குள் போய், ஸ்டூலில் ஏறி, மாங்காய் ஊறுகாய் ஜாடியை மார்போடு அணைத்து இறக்கினேன். ஏறுவதும் இறங்குவதும் சரியாகத்தான் நடந்தது. தரையில் கால் வைத்தபிறகுதான் எண்ணெய்ப் பிசுக்கில் ஜாடி நழுவியது.

சுற்றிலும் கத்தி கத்தியாகச் சில்லு. நடுவில் வெறுங்காலோடு நான்.

"அய்யோ! அசையாதடி! காலெ எடுக்காத! அங்கியே நில்லு!"

அப்படி ஒரு கத்தலை அம்மாவிடமிருந்து நான் கேட்டதே இல்லை. தம்பியும் கேட்டதில்லை. தூக்கிவாரிப்போட்டதில் பாலை விட்டுவிட்டு வீரிட்டான். அவனைப் பாயில் போட்டுவிட்டு ஓடிவந்த அம்மா, என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கூடத்தில் உட்காரவைத்து, என் உள்ளங்கால் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலைப் பார்த்தாளே தவிர, அழுகிற என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வாய் கோணலான ஒரு ஜாடி, அதற்கு இந்தக் கத்தலா!

அதற்கப்புறம் அம்மா தம்பியை மடியில் போட்டால், அவன் குடிக்கவில்லை. மார்புப் பக்கம் கொண்டுபோனாலே உடம்பை முறுக்கிக்கொண்டு அலறினான். இந்தப் பக்கம் மாற்றினாள், அந்தப் பக்கம் மாற்றினாள், நடந்துகொண்டே பார்த்தாள். ம்ஹூம். வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தம்பி என் கட்சி! அக்காவைத் திட்டினதற்குத்தான் இந்தக் கோபம். உண்மையைச் சொன்னால், அதுவரை அவனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அவன் வந்ததிலிருந்து அம்மாவின் மடியில் எனக்கு இடமே இல்லை. அந்த நிமிடத்தில் அவன்மேல் எனக்குப் பொங்கிய பாசம் இருக்கிறதே! யாரும் இல்லாத நேரம் பார்த்து அவன் காதில், "வுட்றாதடா தம்பி," என்று சொல்லிவைத்தேன்.

சேதி கேட்டு மதியத்துக்குள் பெண்ணாடத்திலிருந்து அத்தை பஸ் பிடித்து வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா, எதற்கும் ஒரு வைத்தியத்துக்கு நாலு வைத்தியமாகச் செய்கிறவள். மந்திரித்த தண்ணீரும் தெளித்தாள், மிளகாயும் சுற்றிப் போட்டாள். தம்பியின் தலையைப் பிடித்து மார்பில் அழுத்தியும் பார்த்தாள். அவன் நீலம் பாரித்து அழுததுதான் மிச்சம். பிறகு வீட்டில் அடித்த வாடையை மோந்துவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊறுகா தின்னியாம்மா நீ? பச்சப்புள்ளக்காரி!"

"இல்லிங்க அண்ணி. கை தவறி ஒடஞ்சிடுச்சி," என்றாள் அம்மா. யார் கை என்று சொல்லவில்லை. சொன்னால் தான் கத்தினதையும் சொல்ல வேண்டிவரும், அதற்கு வெட்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அடுத்த தெரு நர்ஸம்மா டியூட்டி முடிந்து வந்தார்கள். அம்மாவுக்கு அதற்குள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. தானே பிழிந்தெடுத்த பாலை, மூக்கு வைத்த சின்னப் பாலாடைக் கிண்ணத்தால் தம்பிக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். பாதி கன்னத்தில் வழிந்தது. பவுடர் பால் வாங்கி வரட்டுமா என்று அப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். நர்ஸம்மா தம்பியின் வாய்க்குள் பார்த்தார்கள், காதைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்: "வூட்ல எதனாச்சும் பெரிய சத்தம் கேட்டுச்சா? புள்ள பயந்துச்சா?"

"நான்தாங்க கத்திட்டேன்," என்றாள் அம்மா. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

பார்த்தீர்களா, குற்றவாளியே ஒப்புக்கொண்டாள்! எனக்கு வேறென்ன வேண்டும்?

வலுக்கட்டாயம் பண்ணவே கூடாது என்றார்கள் நர்ஸம்மா. பாலை எடுத்துப் புகட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் கட்டிக்கொள்ளும். வெற்றுடம்போடு குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் தானாகத் தேடுகிறவரை காத்திருக்க வேண்டும். வீட்டில் குண்டூசி விழுகிற சத்தம்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டு, காலையில் எதற்கும் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் என் தம்பியின் உண்ணாவிரதத்தைப் பற்றி வகுப்பு முழுக்கப் பெருமையடித்துவிட்டு நாலு மணிக்கு வந்தேன். காதில், வாயில் ஒன்றும் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆனாலும் இன்னும் குடிக்கவில்லை. அத்தை குக்கரில் விசில் வந்துவிடுமோ என்று பயந்து சட்டியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அம்மா தலையணையில் சாய்ந்து, மார்பில் தம்பியைக் குப்புறப் போட்டு, மேலே ஒரு பழைய வேட்டியை மூடிக்கொண்டிருந்தாள். ஒரே நாளில் முகம் சுருங்கி, உதடு வெடித்திருந்தது.  போதும், சமாதானம் பண்ணி வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"அம்மா, நீ எங்கிட்ட ஸாரி சொல்லு. சொன்னாதான் அவன் குடிப்பான்."

"வாயப் பாரு இவளுக்கு!" என்று அத்தை கரண்டியோடு எழுந்தாள். அம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.  பிறகு என்னை இழுத்துப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள்.

"ஸாரிம்மா. அம்மா கத்துனது தப்புதான். இனிமே கத்த மாட்டேன்."

நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அரைக்கண் மூடியிருந்தான். "அவனுக்குச் சரியா கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லு."

அம்மா இன்னொரு தடவை சொன்னாள். ஒரு கை என் முதுகில், ஒரு கை அவன் முதுகில் தட்டிக்கொண்டே, மெதுவாக, திரும்பத் திரும்பச் சொன்னாள். போகப் போகத் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. எனக்கே கண் சொக்கியது. அப்போதுதான் தம்பி தலையை இப்படியும் அப்படியும் புரட்டினான். வாயைத் திறந்து தேடினான். கிடைத்ததும் கவ்விக்கொண்டான். மொடக், மொடக் என்று அவன் விழுங்குகிற சத்தம் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

அம்மா மூச்சுக்கூட விடவில்லை. கண்ணிலிருந்து மாத்திரம் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. செய்த தப்பு இப்போதுதான் உறைத்திருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். எட்டு வயதுக்கு எவ்வளவு பெரிய மனசு இருக்க முடியுமோ அவ்வளவு பெரிய மனசு பண்ணி, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

"பரவால்லம்மா, அழுவாத. மன்னிச்சிட்டேன்."

அம்மா தலையை ஆட்டி, அதையும் வாங்கிக்கொண்டாள்.