காசினெம் வீட்டு இரண்டாவது அடுப்பு

புளிக்கவைத்து விற்பதற்காக அவித்த சோயாவை வாழையிலையில் கட்டிக்கொண்டே வாசலில் போகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பாள் காசினெம். "என்னண்ணே, சட்டை புதுசா இருக்கு, அண்ணி ஊர்ல இல்லையா?" கண் இலைப்பக்கமே போகாது. கட்டு மட்டும் செங்கல்லாக விழும்.

என் சின்னம்மா பேரன் பார்டியின் மனைவி அவள். தென்னம்பதநீர் இறக்க ஏறிய பார்டி விழுந்து செத்தான். அவனுடைய தாய் மரியெம், பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகள், மூத்த மகள் ஜகார்த்தாவுக்குப் பிழைக்கப் போனபோது விட்டுப்போன இரண்டு பேரப்பிள்ளைகள், அத்தனை பேரும் இவள் கையைப் பார்த்துத்தான். ஏழு வாய், உழைப்பது ஒருத்தி.

அரசாங்க அரிசி சில ஏழைகள் பேருக்குத்தான் வரும். எங்கள் ஊரில் அதை எல்லாருமே பிரித்துக்கொள்வோம், இல்லாவிட்டால் மனத்தாங்கல். வீட்டில் எரியும் அடுப்புக்கு ஒரு தகரம் அரிசி. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேரான ஊர்த்தலைவர் சுவிட்டோ வீட்டுக்கும் ஒன்று, காசினெமுக்கும் ஒன்று.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மரவள்ளிக்கிழங்குகூட இல்லை.

"தலைக்கு இவ்வளவுன்னு அளங்களேன் தலைவரே. உங்க வீட்டுல ரெண்டு வாய், அதுல ஒண்ணுக்குப் பல்லும் இல்ல" என்றாள் காசினெம்.

"வழக்கத்த மாத்த முடியாதும்மா. அடுப்புதான் கணக்கு."

"அப்ப சரி."

மறுநாளே கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து மண் பூசினாள். மாமியாரும் பேரப்பிள்ளைகளும் தனிக்குடித்தனம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். தலைவர் பார்க்க வந்தார், பின்னாலேயே நாங்களும். கிழவி பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"டேய் சுவிட்டோ, இவ சமையல மனுசன் தின்பானா? எத்தன வருசந்தான் பொறுக்கிறது!"

எல்லாரும் சிரித்தோம். தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கொக்கி போட்டார்: "ரெண்டு அடுப்புன்னா ரெண்டு வீடு. வீட்டுக்கு ஒரு ஆள் ஞாயித்துக்கிழமை வாய்க்கால் வெட்ட வரணும். ஆத்தா வருவாங்களா?"

வராவிட்டால் இரண்டாவது தகரம் கிடையாது. சிரிப்பு அடங்கிவிட்டது.

"வருவாங்க" என்றாள் காசினெம்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கிழவியை எதிர்பார்த்து நின்றது. காசினெம் மட்டும் வந்தாள், தோளுக்கு ஒரு மண்வெட்டியாக. இறங்கித் தன் பங்கை வெட்டி முடித்தாள். தலைவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் தன் மண்வெட்டியைக் கரையில் வைத்துவிட்டு மற்றதை எடுத்து, முதுகைக் கூனி, மரியெம் கிழவியைப் போலவே நீளமாக ஒரு இருமல் இருமிவிட்டு, அடுத்த பங்கில் ஓங்கிப் போட்டாள்.