கடைசி இரண்டு வரியில் என் பேர்

பாட்டு எழுதிப் பிழைக்கிற தொழிலில் அவசரம் முதலில் வரும், மெட்டு அடுத்து வரும், பேர் கடைசியில் வரும், வந்தால். இதே தொழிலில் கிடந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: உருது கஸலின் கடைசி இரண்டு வரிக்கு மக்தா என்று பேர். கவிஞன் தன் புனைபெயரை அதில் வைத்துத்தான் பாட்டை முடிப்பான். அதுதான் அவன் கையெழுத்து.

கல்லில் கற்ற எழுத்து

நான் அல்சூர்த் தமிழன். பட்டாளம் தங்கியிருந்த தண்டுப் பக்கம் ஓர் உருது அச்சகத்தில் கல் தேய்க்கும் வேலை பார்த்தேன். அப்போது காகிதத்தில் எழுதியதைக் கல்லில் ஏற்றி அச்சடிப்பார்கள். கல்லில் எழுத்து இடம் வலம் மாறித் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்காமல், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அந்தப் பாஷையைத் தப்பும் தவறுமாகக் கற்றேன். பிறகு திருப்பிப் போட்டுக் கற்றேன். ஒரு நாள் தோல் வியாபாரி ஒருவர் வீட்டில் கவியரங்கம். துணிந்து போய் உட்கார்ந்தேன்.

அங்கே ஒரு வழக்கம். யாருடைய முறையோ அவர் முன்னால் மெழுகுவர்த்தியை நகர்த்தி வைப்பார்கள். முதல் வரி பிடித்திருந்தால் சபை அதைத் திருப்பிச் சொல்லும். பிடிக்காவிட்டால் சும்மா இருக்கும். மெழுகுவர்த்தி என்னிடம் வந்தது. முதல் வரியைச் சொன்னேன். சபை சும்மா இருந்தது. "மதராசி" என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார். அதே வரியை மறுபடி சொன்னேன். மூலையிலிருந்த ஒரு கிழவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு பக்கத்திலிருந்தவர், பிறகு சபை முழுவதும். மக்தாவில் என் புனைபெயரைச் சொன்னேன்: காமோஷ். வாய் திறக்காதவன் என்று பொருள். வீட்டுக்காரர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "வாய் திறக்காதவன்னு பேர் வெச்சிக்கினு எங்க எல்லார் வாயையும் திறக்க வெச்சிட்டீங்களே மியான்!"

சொல்லக்கூடாத பேர்

இதைக் கேள்விப்பட்டு ஒரு பேசும்பட முதலாளி கூப்பிட்டார். அச்சக வேலையை விட்டேன். என் மனைவி ராஜம்மாவின் அண்ணன், பட்டாளக் கிடங்கில் மேஸ்திரி, வீட்டுக்கே வந்துவிட்டான். "நிலையான வேலையை விட்டுட்டு சாயபு பாஷையில பாட்டு எழுதறாராமே! படத்துல மாப்பிள்ளை பேர் வந்துட்டா நான் மீசையை எடுத்துடறேன்!" என்றான். "வரும். தெருவையே கூட்டிட்டுப் போறேன், நீயும் வந்து கேளு" என்றாள் அவள்.

ராஜம்மாவுக்கு உருது தெரியாது. ஆனால் நான் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவேன். அவள் அம்மியில் அரைப்பது அந்தத் தாளத்துக்கே பழகியிருந்தது. அன்று அண்ணன் போனதும், "என் பேரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பே? ஒருதரம் சொல்லிப் பாரு" என்றேன். அம்மிக் குழவியை நிறுத்தாமல் சொன்னாள்: "புருஷன் பேரைப் பொண்டாட்டி சொல்லுவாளா? நீங்களா வெச்சுக்கிட்டதா இருந்தாலும் பேர் பேர்தான்."

கதையில் இல்லாத ஆள்

படத்தில் சிறையிலிருக்கும் இளவரசன் பாடும் கஸல் என்னுடையது. ஒத்திகையில் முதலாளி நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மக்தா வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காமோஷா? இளவரசன் பேர் அது இல்லியே. அவன் பேரை அங்க போடுங்க" என்றார். ஆர்மோனியக்காரர் போட்டுப் பார்த்தார். இளவரசன் பேர் நீளம். தாளத்துக்கு வெளியே அதன் கால் நீட்டிக்கொண்டு நின்றது.

"கவிஞன் பேர் வருவது வழக்கம், முதலாளி" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வராது. அல்சூர்த் தெருவில் ராஜம்மா ஒவ்வொரு வீடாகப் படம் பார்க்க அழைத்துக்கொண்டிருந்தாள். அது நினைவுக்கு வந்தது. முதலாளி கதைத் தாள்களை ஒருதரம் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "யாருய்யா இந்த காமோஷ்? என் கதையில எந்த சீன்ல வர்றான்?"

கண்ணை மூடியவர்

அந்தக் காலத்தில் நடிப்பவரேதான் பாட வேண்டும், அதுவும் காமிராவுக்கு முன்னால். வாத்தியக்காரர்கள் அட்டைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள். ஒரு காக்கை கத்தினால் எல்லாம் முதலிலிருந்து. விளக்குச் சூட்டில் இளவரசனின் ஒட்டுத்தாடி கழன்றுகொண்டே இருந்தது. இளவரசனாக நடித்த ரஹீம் பாய் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர். இளவரசன் பேர் தாளத்தில் அடங்காததால், மக்தாவுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று முதலாளி அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பாட்டு தடங்கல் இல்லாமல் ஓடியது. நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் முதலாளி கையை உயர்த்தினார். ரஹீம் பாய் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடியபடியே மக்தாவையும் பாடி, காமோஷ் என்ற இடத்தில் ஒரு சுழி சுழித்து, நிதானமாக முடித்தார். "மன்னிச்சுக்குங்க முதலாளி. மக்தா இல்லாம கஸலை விட்டா அது தலை இல்லாத முண்டம். என்னால முடியல" என்றார். முதலாளி கோபப்படக்கூட இல்லை. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு சொன்னார்: "பரவால்ல பாய், நீங்க பாடுங்க. கத்தரிக்கோல் என்கிட்ட இருக்கு."

பிளாக்பள்ளிப் பெஞ்சு

இப்போது சிவாஜிநகர் என்கிறார்களே, அந்தப் பிளாக்பள்ளிக் கொட்டகையில் முதல் நாள். ராஜம்மா தெருப் பெண்களோடு திரைச்சீலைக்கு அந்தப்பக்கம், பெண்கள் பகுதியில். நான் பெஞ்சில், பக்கத்தில் மீசையோடு மச்சான். கத்தரிக்கோல் பட்டதா இல்லையா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது படலாம் என்று ராஜம்மாவிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

கஸல் தொடங்கியது. பெஞ்சுக்காரர்கள் கறிக்கடை, துணிக்கடை ஆட்கள். கவியரங்கம் போலவே ஒவ்வொரு ஈரடியின் முதல் வரியையும் திருப்பிச் சொன்னார்கள். மக்தாவுக்கு எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். படத்தில் ஒரு குதிரை ஓடியது.

மச்சான் மீசையைத் தடவினான். அப்புறம் ஒருவன் "மக்தா கிதர் ரே?", மக்தா எங்கேடா, என்று கத்தினான். கொட்டகையே "மக்தா! மக்தா!" என்று பெஞ்சைத் தட்டியது. படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். முதலாளி முன்னால் வந்து கையமர்த்தினார். "நக்கோ, நக்கோ! மக்தா சொல்லு!" என்று, வேறெதுவும் வேண்டாமென்று கூட்டம் கத்தியது. அவருக்கு அது தெரியாது. தெரிந்த நான் எழுந்தேன். எப்போதும் போல வாய் திறக்கவில்லை.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அம்மியின் தாளத்தில், அல்சூர்த் தமிழ் ஒலிக்கும் உருதுவில், ராஜம்மா மக்தாவின் முதல் வரியைச் சொன்னாள். "காமோஷ், உன் கதவு திறக்காது என்று யார் சொன்னது?" என்பது அதன் பொருள். கொட்டகை அடங்கி, பிறகு ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னது. அடுத்த வரியை அவள் தொடங்கினாள். "தட்டியவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்" என்று பொருள்படும் அந்த வரியின் கடைசிச் சொல்லை அவளோடு சேர்ந்தே எல்லோரும் முடித்தார்கள். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், மீசையை மறைக்கிறவன் போல.

ஜட்கா வண்டியில் திரும்பும்போது கேட்டேன், "அத்தனை பேர் முன்னால என் பேரைச் சொல்லிட்டியே?" முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே பார்த்தாள். "நானா சொன்னேன்? பாட்டுல இருந்துது, வந்துடுச்சு. சும்மா வாங்க."

அவள் போய் வெகு காலமாகிறது. சினிமாக் கொட்டகையில் என் பேர் கேட்டது அந்த ஒரே தடவைதான், அதுவும் திரையிலிருந்து அல்ல, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து.